கட்டியாச்சா

மேஸ்திரி வண்டி பார்க்கப் போவது அது ஐந்தாவது முறை. நாலு முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் என்பதால், பழைய வண்டிகள் விற்கும் அந்தத் தகரக் கொட்டகையின் முதலாளி அவரைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வாங்க மேஸ்திரி. இன்னிக்கு எந்த வண்டியை வேணாம்னு சொல்லப்போறீங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

மேஸ்திரி பதில் சொல்லாமல் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். தரையில் டைல்ஸ் பதிக்கிற மனிதர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார், அப்புறம்தான் மாப்பிள்ளையை. ஊரில் அவருக்கு 'மட்டம்' என்றே பெயர். சாப்பாட்டு மேஜை ஒரு பக்கம் நூல் அளவு சாய்ந்திருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். இப்போது அந்த ரசமட்டத்தை வண்டியின் தரையில் வைத்து, குனிந்து, நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை காத்திருந்தார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். வண்டி ஓடப்போவது மேடும் பள்ளமுமான ரோட்டில், இவர் மட்டம் பார்க்கிறார்.

கூட வந்திருந்தவர்கள் இரண்டு பெண்கள். மேஸ்திரியின் மனைவியும், செத்துப்போன அவர் தம்பியின் மனைவியும். வீட்டுக்கு வந்த முறைப்படி ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். முன் அறையில் மேஸ்திரியும் பெரியவளும், பின் அறையில் சின்னவளும் அவளுடைய பத்து வயது மகளும். நடுவில் ஒரே அடுப்பு.

திங்கட்கிழமை வேலை ஆரம்பம். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டுகிற ஆஸ்பத்திரி, நாலு மாடிக்கும் தரை போட வேண்டும், மூன்று மாதத்துக்குக் குறையாத வேலை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆளும் டைல்ஸும் சேர்ந்து வந்து இறங்க வேண்டும், சொந்த வண்டி இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்ஜினியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பழைய வண்டி போனதிலிருந்து எட்டு மாதமாக ஆட்கள் பஸ்ஸிலும் பெட்டிகள் வாடகை வண்டியிலுமாகப் போய், ஆள் வரும்போது டைல்ஸ் வராமல், டைல்ஸ் வரும்போது ஆள் வராமல், இரண்டு நல்ல வேலை கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் மேஸ்திரியை நம்பி இருக்கிற மூன்று ஆண்களும் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

கொட்டகையில் இரண்டு வண்டிகள் இவர்களுக்குத் தோதாக நின்றன. ஒன்று வெள்ளை. மூன்று வரிசை சீட்டு, எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம், கடைசி சீட்டுக்குப் பின்னால் நாற்பது பெட்டி அடுக்க இடம். சீட்டுக்கும் சரக்குக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இன்னொன்று சாம்பல் நிறம். இரண்டே வரிசை, ஐந்து பேர். அதற்குப் பின்னால் தரையிலிருந்து கூரைவரை இரும்புத் தகட்டில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு.

ஆள் கணக்கு ஆறு. மேஸ்திரி, பெரியவள், சின்னவள், மூன்று ஆண்கள்.

மேஸ்திரி வழக்கம்போல வெள்ளை வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். பெரியவளை நடு வரிசையில் உட்காரச் சொன்னார். போன நாலு முறையும் எந்த வண்டியானாலும் இதே சடங்குதான். தான் கடைசியில், அவள் நடுவில். கண்ணை மூடிக்கொள்வார்.

"ஏதாவது பேசு."

"என்னத்தைப் பேசறது?"

"எதையாவது. முன்னாடி பாத்து பேசு."

"சீட்டு மெத்துனு இருக்கு. ஜன்னல் கொஞ்சம் இறுகலா இருக்கு," என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி. கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

முதலாளிக்கு இது வண்டியின் இரைச்சலைச் சோதிக்கிற தொழில் நுணுக்கம் என்று பட்டது. ஓடாத வண்டியில் என்ன இரைச்சல் என்று அவர் ஒருமுறை கேட்டும் பார்த்தார். பெரியவளுக்கு அது என்னவென்று தெரியும், தெரியும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து தம்பியை நினைக்கிறார்.

தம்பி செத்தது ஒரு மழைநாள் சாயங்காலம். ஒரு வீட்டில் வேலை முடித்து, மிச்சமான இருபத்தெட்டு பெட்டிகளை அடுத்த வீட்டுக்கு ஏற்றினார்கள். மற்ற ஆட்கள் முன்பே போயிருந்தார்கள். டைல்ஸ் பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாது. படுத்தால் மேல்பாரம் தாங்காமல் அடியில் இருப்பது விரியும். அதனால் எல்லாவற்றையும் நிற்க வைத்து, குறுக்கே அகலமான பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். கட்டாவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் முப்பது கிலோ எடையோடு தன் இஷ்டத்துக்குப் புறப்படும். அதனாலேயே மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, சாவியில் கை வைத்து, "கட்டியாச்சா?" என்று கேட்பார். பின்னாலிருந்து "ஆச்சு" என்று பதில் வராமல் வண்டியைக் கிளப்ப மாட்டார். பதினோரு வருஷமாகப் பதில் சொன்னவன் தம்பி. கட்டுகிறவனும் அவன்தான், கடைசி சீட்டில் உட்கார்ந்து பெட்டிமேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு வருகிறவனும் அவன்தான்.

அன்றைக்கு அவன் பெட்டிகளை ஏற்றிவிட்டு, பெல்ட்டை எடுக்கப் போன நேரத்தில், வீட்டுக்கார அம்மாள் உடைந்த ஒரு டைல்ஸைக் காட்டிக் கூப்பிட்டாள். உள்ளே ஓடினான். மழை பிடித்துக்கொண்டது, வண்டிக்குள் இருட்டிவிட்டது. பெரியவள் பின்கதவை அடித்துச் சாத்திவிட்டு, நடு வரிசையில் கட்டிங் மெஷினுக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சிமெண்ட் மூட்டையின் வாய் திறந்திருந்தது, பக்கத்து ஜன்னல் ஒழுகிக்கொண்டிருந்தது, நனைந்தால் மூட்டையே கல்லாகும். தம்பி நனைந்துபோய் பக்கக் கதவு வழியாக ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனான். மேஸ்திரி கேட்டார். கட்டியிருப்பான் என்று நினைத்தாள் பெரியவள். சீக்கிரம் போனால் போதும் என்றும் நினைத்தாள். "ஆச்சு, எடுங்க" என்றாள்.

இறக்கத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மேஸ்திரி பிரேக் அடித்தார். மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

போலீஸ்காரர் கேட்டபோது, மேஸ்திரி சட்டையெல்லாம் ரத்தமாக நின்றுகொண்டு, "நான் கேட்டேன் சார். கட்டியாச்சுன்னு தம்பிதான் சொன்னான்" என்றார். பெரியவள் பக்கத்தில்தான் நின்றாள். மழையில் அவருக்குக் குரல் சரியாகக் கேட்டிருக்காது என்று எண்ணிக்கொண்டாள். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். மறுநாள் திறந்திருக்கலாம். பதினாறாம் நாள் திறந்திருக்கலாம். ஒவ்வொரு நாள் தள்ளிப்போகும்போதும் வாய் இன்னும் கொஞ்சம் இறுகியது. சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும், நல்ல பையன்தான், ஆனால் தன் சாவைத் தானே தேடிக்கொண்டானே என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதுவே நடந்ததாக நிலைத்துவிட்டது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பெரியவள் 'ஆச்சு' என்று சொன்னதே இல்லை. அது எவ்வளவு பெரிய தண்டனை என்பது சொல்லாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும். குளிச்சாச்சா, சாப்பிட்டாச்சா, அடுப்பை அணைச்சாச்சா என்று ஒரு நாளைக்கு நூறு முறை அந்தச் சொல் வீட்டுக்குள் நடமாடும். அவள் "ம்" என்பாள், அல்லது தலையை ஆட்டுவாள். பஸ்ஸில் கண்டக்டர் யாரையோ பார்த்து "எல்லாரும் வாங்கியாச்சா?" என்று கேட்டால் அவள் நாக்கு தானாக எழும், பல்லைக் கடித்துக்கொள்வாள். அவளே ஒன்று கவனித்திருந்தாள், மேஸ்திரியும் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டார். "சோறு தின்னியா?" என்றுதான் கேட்கிறார் இப்போதெல்லாம். அவருக்கும் தம்பி குரல் கேட்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சாம்பல் வண்டியின் இரும்புச் சுவரை முஷ்டியால் தட்டிப் பார்த்தாள் பெரியவள். கெட்டியாக இருந்தது. இந்தச் சுவர் இருந்தால் யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை, யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு அந்தத் தகட்டின்மேல் கன்னத்தை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இதையே எடுத்துடுங்க," என்றாள் புருஷனிடம்.

"அஞ்சு பேருக்குத்தானே இடம் இருக்கு."

"நாம அஞ்சு பேரு போதும். நாலு மாசம் முன்னாடி அஞ்சு பேருதானே இருந்தோம்."

சொல்லிவிட்ட பிறகுதான் சின்னவள் பின்னால் நிற்பது தெரிந்தது. நாலு மாதத்துக்கு முன்னால்தான் சின்னவள் வேலைக்கு வந்தாள். அதுவரை பின் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தவள், ஒருநாள் காலையில் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட் வழித்துப் பூசுகிற வேலையை இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். மேஸ்திரியே கண்ணாடி போட்டுக்கொண்டு குறை தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த வேலை வந்த பிறகுதான் அவள் ராத்திரியில் தூங்கினாள், மகளுக்குத் தலை வாரினாள், என்றைக்காவது ஒருமுறை சிரித்தாள்.

பெரியவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "வீட்டுலயும் ஒரு ஆள் வேணுமில்ல, பொண்ணு ஸ்கூல் விட்டு வந்தா பாத்துக்க..." என்று இழுத்தாள்.

சின்னவள் கோபப்படவில்லை. வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். தரையில் இரண்டு பக்கமும் பெல்ட் மாட்டுகிற கொக்கிகள் இருந்தன. அவள் ஒரு கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"சுவரு எதுக்கு மாமா?" என்று மேஸ்திரியைக் கேட்டாள். "ஒழுங்கா கட்டினா போதாதா? அவரு ஒருநாள் கட்டாம விட்டாருங்கறதுக்காக, நான் காலம் பூரா வீட்ல உக்காரணுமா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். அங்கே வெறும் மண்தான் இருந்தது, மட்டம் பார்க்க ஒன்றுமில்லை.

"ஏத்திப் பாக்கலாம்," என்றாள் சின்னவள். "பெட்டியை ஏத்தி, நானே கட்டறேன். ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. அசைஞ்சுதுன்னா அந்த வண்டியை எடுங்க, நான் ஒரு வார்த்தை பேசல."

சோதிப்பதற்கென்று மேஸ்திரி வாடகை வண்டியில் இருபது பெட்டி கொண்டுவந்திருந்தார். மூவருமாக ஏற்றினார்கள். பெட்டிகளை நிற்க வைத்து, இடைவெளியில் கோணிச்சாக்கை மடித்துச் செருகி, சின்னவள் பெல்ட்டைக் குறுக்கே போட்டு, காலை முட்டுக்கொடுத்து, முகம் சிவக்க இறுக்கினாள். கையால் அடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை இறுக்கினாள். முதலாளி நாற்காலியில் இருந்தபடியே, வண்டி உடைஞ்சிடும்மா, மெதுவா, என்றார்.

அவள் சுற்றிவந்து பக்கக் கதவு வழியாக ஏறி, நேராகக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். பெட்டிமேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டாள். அவனும் அப்படித்தான் போட்டுக்கொள்வான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெரியவள் நடு வரிசையில் உட்கார்ந்தாள். பின்னால் இருப்பது சின்னவள்தான் என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஈரச் சட்டையின் வாடை அடிப்பதுபோல் இருந்தது. வெளியில் சுள்ளென்று வெயில்.

மேஸ்திரி சாவியில் கையை வைத்தார். கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"கேக்க மாட்டீங்களா மாமா?" என்றாள் சின்னவள்.

"என்னம்மா?"

"தினமும் கேப்பீங்களாமே. அவரு வீட்ல வந்து சொல்வாரு. எங்கண்ணன் என் குரலைக் கேக்காம வண்டிய எடுக்க மாட்டாருன்னு பெருமையாச் சொல்வாரு. கேளுங்க. நான் கட்டியிருக்கேன், நான் சொல்றேன்."

மேஸ்திரியின் பிடரி வியர்த்து வழிவதைப் பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எட்டு மாதத் துருவோடு அந்தக் கேள்வி வந்தது.

"கட்டியாச்சா?"

"ஆச்சு," என்றாள் பெரியவள்.

சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. எட்டு மாதம் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது, கதவு திறந்ததும் தானாக வெளியே வந்து நின்றது. அதே இடம், அதே குரல். பின்னால் சின்னவள் பேச எடுத்த மூச்சு அப்படியே நின்றுபோனது.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பெரியவளுக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, முன் சீட்டின் முதுகைப் பார்த்தே பேசினாள். "அன்னிக்கும் நான்தான் சொன்னேன். உன் புருஷன் சொல்லல. அவரு அந்தம்மா கூப்ட்டாங்கன்னு உள்ள போனாரு, அதுக்குள்ள நான் கதவைச் சாத்திட்டேன். அவரு கட்டியிருப்பாருன்னு நினைச்சு நான் ஆச்சுன்னேன். நான் ஆச்சுன்னதும், அப்ப நான் கட்டிட்டேன்னு அவரு நினைச்சிருப்பாரு. என் பேச்சை நம்பி உக்காந்தாரு." பிறகு புருஷனிடம், "மழையில உங்களுக்குக் குரல் தெரியல. நான் திருத்தாம விட்டுட்டேன்," என்றாள்.

மேஸ்திரி திரும்பவில்லை. கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"இருபது வருஷமா கேக்கற குரல். மழை பேஞ்சா மட்டும் மாறிடுமா?" அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "போலீஸ் கேக்கறப்ப உன் முகத்தைப் பாத்தேன். உன்னைச் சொன்னா அன்னிக்கு ராத்திரியே நீ எதையாவது பண்ணிக்குவேன்னு பட்டுது. ஒரே நாள்ல ரெண்டு பேரை என்னால குடுக்க முடியாது. அவன்தான் போயிட்டானே, அவன் பேரைச் சொன்னா அவனுக்கு என்ன வலிக்கப்போவுதுன்னு நினைச்சேன்."

"அப்ப எல்லா வண்டியிலயும் என்னைப் பேசச் சொன்னது?"

"கடைசி சீட்லேருந்து கேட்டா உன் குரல் எப்படிக் கேட்டிருக்கும்னு பாத்தேன். ஒருவேளை அவனுக்குக் கேட்டிருக்காதோ, உன் பேச்சை நம்பி இல்லாம, அவனே மறந்துதான் உக்காந்துட்டானோன்னு..." நிறுத்தினார். "எல்லா வண்டியிலயும் நல்லாத்தான் கேக்குது."

யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. முதலாளி தூரத்திலிருந்து, ஸ்டார்ட் ஆவலையா மேஸ்திரி, பேட்டரி புதுசாச்சே, என்று கத்தினார்.

சின்னவள் பெட்டிமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேசியபோது குரல் உயரவே இல்லை, அதுதான் பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"அவருக்கு வலிக்கல மாமா, வாஸ்தவம்தான். எனக்கு வலிச்சுது. எட்டு மாசமா அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேன். போட்டோ முன்னாடி நின்னு, ஒரு பெல்ட்டை மாட்ட உனக்கு என்னய்யா கேடு, பொண்ணு நினைப்பு இல்லையான்னு திட்டியிருக்கேன். பொண்ணு ஸ்கூலுக்குப் போறப்ப பை வாரை நாலு வாட்டி இழுத்துப் பாக்குது. ஏண்டின்னா, நான் அப்பா மாதிரி சோம்பேறி இல்லம்மாங்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் அதைக் கேட்டுக்கிட்டு அடுத்த ரூம்லதானே இருந்தீங்க?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெள்ளை வண்டியையே எடுங்க," என்றாள் சின்னவள். "நான் வேலைக்கு வருவேன். உங்களை மன்னிக்கறேனா இல்லையான்னு இப்ப என்னைக் கேக்காதீங்க, எனக்கே தெரியல. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் நீங்களே பொண்ணுகிட்ட சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அன்று நாலரை மணிக்கு வெள்ளை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. பெட்டிகள் ஒரு விரற்கடைகூட அசைந்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் பையைக் கழற்றாமலே ஓடிவந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். ஹாரனை அடித்தாள். ஜன்னலை இறக்கி ஏற்றினாள். பிறகு பின்பக்கம் போய், எட்டாத கையை எட்டி பெல்ட்டைப் பிடித்து நாலு முறை இழுத்துப் பார்த்தாள்.

மேஸ்திரி வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். ரசமட்டத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். சின்னவள் கதவு நிலையில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"நான் சொல்றேன்," என்றாள் பெரியவள். வண்டியின் படியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன் முன்னால் நிறுத்தி, அன்றைக்கு மழை பெய்தது முதல் ஒன்றையும் விடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. பிள்ளை பை வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அது வண்டிக்குள் ஏறி, நடு வரிசையைத் தாண்டி, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தது. கால் தரையில் எட்டவில்லை. அங்கிருந்து வெளியே பெரியவளைப் பார்த்துக் கேட்டது.

"அப்ப அப்பா இங்கதான் உக்காந்திருந்தாரா, பெரியம்மா?"

"ஆமாம்மா."

"நீங்க ஆச்சுன்னு சொன்னதை அவரு நம்பினாரா?"

"நம்பினாரும்மா," என்றாள் பெரியவள்.

பிள்ளை தலையை ஆட்டியது. பிறகு பையை முதுகிலிருந்து கழற்றி, பக்கத்து சீட்டில் வைத்தது. வாரைச் சரிபார்க்கவில்லை.